டக் டக் பந்து: "மெதுவா ஆடு" என்றால் ஏன் நடக்காது

பள்ளிக்கூடம் விட்ட பிறகு மதுரையில் எந்தக் காம்பவுண்டு வீட்டு வாசலில் நின்றாலும் இந்தச் சத்தம் காதில் விழும். ஒரு பிளாஸ்டிக் வளையம், அதிலிருந்து இரண்டு பக்கமும் தொங்கும் கயிறு, ஒவ்வொரு முனையிலும் ஒரு கெட்டிப் பந்து. கையை மேலும் கீழும் வெட்டி அசைத்தால் பந்து இரண்டும் கீழே ஒரு தடவை, மேலே ஒரு தடவை மோதும். டிக் டிக் பால், டக் டக் பந்து என்று கடைக்குக் கடை பேர் வேறு, சாமான் ஒன்றுதான். எழுகடல் தெருப் பக்கம் ஃபேன்சி கடைகளிலும் திருவிழாக் கடைகளிலும் கொத்தாகத் தொங்கும். இருபது ரூபாய்க்கும் கிடைக்கும், ஐம்பதுக்கும் கிடைக்கும்.

எரிச்சலுக்குக் காரணம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ராத்திரி வேலை முடித்துப் பகலில் படுத்திருப்பவர், தொட்டிலில் பிள்ளையைப் போட்டவர், பரீட்சைக்குப் படிக்கிறவர் எல்லாரும் ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருக்கிற ஊர் இது. கடைசியில் பெரியவர்கள் எல்லாரும் வந்து நிற்கிற வாக்கியம் ஒன்றுதான்: "ஆடு, வேணாங்கல. மெதுவா ஆடு."

நியாயமான பேச்சுதான், ஆனால் நடக்காது. இந்தப் பந்தை மெதுவாக ஆடவே முடியாது. பிள்ளை சொல்பேச்சு கேட்கவில்லை என்று கோபப்படுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை குறையும்.

கணக்கு எளிது. கையிலிருந்து பந்து வரை கயிறு 25 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், கடைப் பந்துகள் பெரும்பாலும் இதையொட்டித்தான் இருக்கும். பந்து வட்டத்தின் உச்சிக்குப் போகும்போது கயிறு தொய்யாமல் இருக்க, அங்கே வேகம் நொடிக்கு 1.6 மீட்டராவது இருக்க வேண்டும். அந்த வேகத்தில் உச்சியைத் தாண்டுகிற பந்து கீழே வரும்போது 3.5 மீட்டரைத் தொடும், அதாவது மணிக்குப் பன்னிரண்டரை கிலோமீட்டர். நிதானமாகச் சைக்கிள் ஓட்டுகிற வேகம் அது. மேலிருந்து கீழே வர மூன்றில் ஒரு பங்கு நொடிகூட ஆகாது. ஆக, மேலும் கீழும் மோதுகிற முழு ஆட்டத்தை எவ்வளவு மெதுவாக ஆடினாலும் நிமிடத்துக்கு 190 தட்டுப் பக்கம் வரும். அதற்குக் கீழே இறக்கினால் ஆட்டமே நின்றுவிடும், கயிறு தொய்ந்து பந்து ஆடுகிறவர் கைமேலேயே விழும். பழகின பையன் இதைவிட வேகமாகத்தான் ஆடுவான், குறைவாக ஆட வழியே இல்லை.

சத்தத்தை அமுக்கப் பார்க்கிறவர்களும் உண்டு. பந்துமேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். ஒன்றும் குறையாது, நாலு நாளில் டேப் பிய்ந்து பசை கையில் ஒட்டும். சைக்கிள் டியூபை வெட்டிப் பந்துமேல் மாட்டினால் சத்தம் குறையும், ஆனால் பந்து துள்ளாது. மோதிய இடத்திலேயே சோர்ந்து நிற்கும், மேலே ஏறாது. பந்தைத் துள்ள வைப்பதும் சத்தம் போட வைப்பதும் ஒரே கெட்டித்தன்மைதான் என்பதால் ஒன்றை எடுத்தால் மற்றதும் போய்விடும். டேபிள் டென்னிஸ் பந்தைத் துளைத்துக் கட்டிப் பார்க்கிற யோசனையும் வேலைக்கு ஆகாது. அது 40 மி.மீ. அகலம், 2.7 கிராம் எடை. காற்றே அதைப் பிடித்து நிறுத்திவிடும். கடைப் பந்து 38 மி.மீ. அகலத்தில் உள்ளே கெட்டியாக இருந்தால் 30 கிராம் வரும்.

கயிற்றைக் குட்டையாக்கினால்? 15 செ.மீ. ஆக்கினால் கீழே மோதுகிற வேகம் 2.7 மீட்டராகக் குறையும். ஆனால் தட்டு நிமிடத்துக்கு 240 பக்கம் போகும். ஒவ்வொரு தட்டும் கொஞ்சம் மெல்லிசு, எண்ணிக்கை அதிகம். பக்கத்து வீட்டுக் காதுக்கு இதில் ஒரு லாபமும் இல்லை. சின்னக் கை உள்ள பிள்ளைக்கு முகத்தில் படாமல் இருக்க இது உதவும், அவ்வளவுதான்.

ஆகவே பேரம் பேச முடிகிற விஷயம் இரண்டே இரண்டு: எங்கே ஆடுவது, எப்போது ஆடுவது.

இடத்தில் மோசமானது மாடிப்படி. மூன்று பக்கமும் சுவர், மேலே காங்கிரீட். ஒரு தட்டு நாலு தட்டாகக் கேட்கும். அடுத்தது காம்பவுண்டு வீட்டு நடு முற்றம். சுற்றிலும் வீடு இருப்பதால் எல்லா வாசலுக்கும் சமமாகப் போய்ச் சேரும். "மொட்டை மாடிக்குப் போய் ஆடு" என்று அனுப்புவது பலர் செய்கிற காரியம். நம் வீட்டுக்குச் சத்தம் குறையும், தெருவுக்கு முழுவதும் கேட்கும். கைப்பிடிச் சுவர் மேல் தாவிப் போகிற ஆபத்து தனி. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் சத்தம் 6 டெசிபல் குறையும். பத்து மீட்டரில் கேட்பதைவிட நாற்பது மீட்டரில் 12 டெசிபல் குறைவு. அதனால் பள்ளி மைதானம், வார்டுப் பூங்கா, வண்டியூர்த் தெப்பக்குளத்துச் சுற்றுப்பாதை மாதிரி சுவர் இல்லாத இடம்தான் சரி. சாயங்காலம் அங்கே நடக்க வருகிற பெரியவர்களை விட்டுத் தள்ளி ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

நேரத்துக்குச் சட்டமே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே பகலில் 50, இரவில் 40. அரசு ராஜாஜி மருத்துவமனையைச் சுற்றிய தெருக்களில் குடியிருப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம். ஆனால் இந்த அளவுகள் சுற்றுப்புறம் மொத்தத்துக்கும் வகுத்தவை. பத்து வயசுப் பையன் கையில் இருக்கிற பந்தைப் பற்றிப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதற்கு வகுத்தவை அல்ல. ஊர் வழக்கப்படி மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரையும், ராத்திரி எட்டுக்கு மேலும் வேண்டாம் என்று தெருவில் ஒரு பேச்சு வைத்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு வரும். மார்ச்சில் பொதுத் தேர்வு நடக்கும்போது சாயங்கால ஒரு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இதை எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் காரியம் இருக்கிறது. பிள்ளையைக் கூப்பிட்டு, "ஏண்டா, உங்க வீட்ல கேக்க ஆளில்லையா?" என்று ஆரம்பித்தால் அன்று சாயங்காலம் அவன் அம்மா வாசலுக்கு வருவார், பேச்சு பந்தை விட்டுத் தண்ணிக் குழாய்ச் சண்டைக்குப் போகும். நேரத்தையும் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் வேறு மாதிரி முடியும். "யக்கா, எங்க வீட்டுக்காரரு நைட் டூட்டி முடிச்சு இப்பத்தான் படுத்தாரு. நாலு மணி வரைக்கும் தம்பிய மைதானத்துப் பக்கம் போய் ஆடச் சொல்லுங்கக்கா. அதுக்கப்புறம் இங்கயே ஆடட்டும்." இதில் தடை இல்லை, மணி இருக்கிறது. நாலு மணி ஆனதும் பையன் வந்து ஆடினால் முகம் சுளிக்கக் கூடாது. பேசினபடி நடந்துகொண்டால்தான் அடுத்த நாளும் கேட்பான்.

பள்ளிக்கூடங்களில் பெரும்பாலும் நடப்பது பிடுங்கி வைப்பது. பீரோவில் ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பந்து சேரும், மறுநாள் பையில் புதுப் பந்து வரும். இருபது ரூபாய்ச் சாமானுக்குப் பிடுங்குவது ஒரு தண்டனையே இல்லை. பிடுங்கப்பட்ட பந்துக்கு வகுப்பில் ஒரு மரியாதைகூட வந்துவிடும். இதைவிட நன்றாக வேலை செய்வது ரப்பர் பேண்ட். பந்து இரண்டையும் ஒட்ட வைத்து, கயிற்றோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டால் சத்தம் வர வழியில்லை. "கேட்டுக்குள் வந்தால் ரப்பர் பேண்டோடு, சாப்பாட்டு இடைவேளையில் மைதானத்தின் அந்த மூலையில் மட்டும் கழற்றலாம்" என்று ஒரே ஒரு விதி. மீறினால் வெள்ளிக்கிழமை வீட்டுப் பெரியவர் வந்து வாங்கிப் போக வேண்டும். ரப்பர் பேண்ட் இருக்கிறதா இல்லையா என்பது தூரத்திலிருந்தே தெரியும், ஆசிரியர் பையைத் துழாவ வேண்டியதில்லை. முழுத் தடை போட்ட இடத்தில் பந்து கழிப்பறைக்குப் பின்னாலும் பேருந்து நிறுத்தத்திலும் ஆடப்படும். ரோட்டோரத்தில் ஆடுவதைவிட மைதானத்தில் ஆடுவது மேல் என்பது என் கட்சி.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது. தெருவைப் பைத்தியம் பிடிக்க வைப்பது ஆடத் தெரிந்த பையன் இல்லை, ஆடத் தெரியாதவன்தான். தெரிந்தவன் சத்தம் ஒரே தாளமாக வரும். ஐந்து நிமிடத்தில் கை கடுத்து நிறுத்திவிடுவான். தெரியாதவன் டக், டக்டக், ஒரு நிறுத்தம், "ஆ!" என்று ஒரு கத்தல், மறுபடி டக் என்று சாயங்காலம் முழுக்க இழுப்பான். எப்போது வரும் என்று தெரியாத சத்தம்தான் காதை அறுக்கும். ஆகவே சீக்கிரம் கற்றுக்கொடுத்துவிடுவது எரிச்சலுக்கு நல்ல மருந்து.

கற்றுக்கொடுக்கிற முறை இது. வளையத்தைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்கட்டும், விரலை உள்ளே நுழைத்துக்கொள்ள வேண்டாம். முழங்கை மடிந்து, கை உடம்பிலிருந்து ஒரு முழமாவது முன்னால் நீண்டிருக்க வேண்டும். நெஞ்சோடு ஒட்டி வைத்தால் பந்து தாடைக்கு வரும். முதலில் மேல்தட்டு வேண்டாம், கீழ்த்தட்டு மட்டும். கை மூன்று நாலு செ.மீ. மேலும் கீழும் போனால் போதும். புதுசாகப் பழகுகிற எல்லாரும் கையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள், அங்கேதான் கெடுகிறது. பக்கவாட்டில் ஆட்டினால் ஒரு பந்து முந்தும், ஒன்று பிந்தும், மோதல் நடுவில் நடக்காது. பந்து மோதுகிற கணத்தில் கையை மேலே இழுக்க வேண்டும்; பிரிந்து போகும்போது கீழே விட வேண்டும். இழுப்பது கயிற்றின் விறைப்புக்கு எதிராகப் போவதால் ஒவ்வொரு தடவையும் பந்துக்குக் கொஞ்சம் வேகம் சேரும். பந்து இரண்டும் தோள்பட்டை மாதிரி இரண்டு பக்கமும் கிடைமட்டத்துக்கு வரும் வரை இதையே பழகட்டும்.

அந்த நிலை வந்த பிறகு ஒரே ஒரு வெட்டு: கீழே மோதும்போது கையைச் சட்டென்று உயரத் தூக்கி, பந்து உச்சிக்குப் போகும்போது கீழே இழுக்க வேண்டும். உச்சியில் மோதின சத்தம் கேட்டதும் தாளத்தை விடக் கூடாது: கீழே மோதும்போது கை மேலே, மேலே மோதும்போது கை கீழே. தயங்கித் தயங்கி மேலே அனுப்புகிறவனுக்குத்தான் அடி படும். காரணம் மேலே சொன்னதுதான். உச்சியில் வேகம் போதாவிட்டால் கயிறு தொய்யும், பந்து வட்டத்தை விட்டு நேராகக் கீழே விழும். வட்டத்தின் நடுவில் இருப்பது கை. மணிக்கட்டு எலும்பிலும் விரல் முட்டியிலும்தான் விழும்.

எட்டு வயசுக்குக் கீழே இந்தப் பந்து வேண்டாம் என்பது என் கருத்து. கை நீளமும் போதாது, தாளமும் பிடிக்காது. ஆடுகிற இருவருக்கு நடுவில் இரண்டு மீட்டர் இடைவெளி விடுங்கள். வேடிக்கை பார்க்கிற சின்னப் பிள்ளைகளை நேர் எதிரே நிறுத்துங்கள், பக்கவாட்டில் நிறுத்த வேண்டாம். பந்து சுற்றுகிற தளம் ஆடுகிறவரின் இரண்டு பக்கமும் மேலும்தான் இருக்கும். கயிறு அறுந்தால் பந்து அந்தத் திசையில்தான் பறக்கும். வீட்டுக்குள் ஆடினால் டியூப்லைட்டும் டிவியும் போவது இந்தக் கணக்கில்தான். கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு சைக்கிள் ஓட்டுவது கூடவே கூடாது. ஹேண்டில்பாரில் கயிறு மாட்டினால் கழுத்தை இறுக்கும்.

கையில் அடி பட்டால் துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம் வைத்தால் போதும். எண்ணெய் போட்டு உருவி விட வேண்டாம், வீக்கம் கூடும். மறுநாளும் மணிக்கட்டை மடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். கண்ணில் பட்டால் கதை வேறு. தேய்க்காதீர்கள், கட்டி அழுத்தாதீர்கள், தாய்ப்பாலோ வீட்டில் கிடக்கிற பழைய சொட்டு மருந்தோ விடாதீர்கள். கண்ணுக்குள்ளே ரத்தம் தேங்கியிருக்கலாம். வெளியில் சின்னச் சிவப்பாகத்தான் தெரியும். தலையை உயர்த்தி வைத்தபடி அன்றைக்கே கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். அண்ணா நகரில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊரில் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியதுக்கு வருவோம். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பதினாலு வயசுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 9873 என்ற தர எண்ணும் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். விளக்கு எரிகிற, பேட்டரி போட்ட பொம்மை என்றால் எண் ஐ.எஸ். 15644. இந்த முத்திரையைத் தருகிற இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் உரிம எண்ணைப் போட்டால் யார் பேரில் இருக்கிறது என்று காட்டும். கொத்தாகத் தொங்குகிற உதிரிச் சாமானில் முத்திரை இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். அதனால் கண்ணும் கையும்தான் துணை.

பந்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் திருப்பிப் பாருங்கள். துளையைச் சுற்றியும், இரண்டு பாதியும் சேருகிற கோட்டிலும் வெள்ளை வெள்ளையாகக் கீறல் தெரிந்தால் அது பிளக்கப் போகிற பந்து. காதருகில் குலுக்குங்கள், உள்ளே ஏதாவது உருண்டால் வேண்டாம். பானை வாங்குகிற மாதிரி விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். இரண்டு பந்தும் ஒரே மாதிரிக் கேட்க வேண்டும், ஒன்று கணீரென்றும் ஒன்று சொத்தையாகவும் கேட்டால் சொத்தையில் விரிசல் இருக்கும். துளை ஓரத்தை நகத்தால் தடவுங்கள். அச்சில் வார்த்தபோது நின்றுபோன பிசிறு அங்கே கத்தி மாதிரி நிற்கும். கயிறு அறுவது பெரும்பாலும் அந்தப் பிசிறில்தான். பிறகு வளையத்தைப் பிடித்துத் தொங்க விடுங்கள். பந்து இரண்டும் வயிற்றோடு வயிறு தொட வேண்டும். ஒன்று மூன்று மி.மீ. இறங்கியிருந்தாலும் மோதல் ஓரத்தில் நடக்கும், பந்து தன்னைத்தானே சுழலும், கயிறு முறுக்கிக்கொள்ளும். பிள்ளைக்கு ஆட்டம் வராததுக்குப் பல நேரம் காரணம் இந்த மூன்று மி.மீ.தான், அவன் கை இல்லை.

கயிற்றின் மேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்று தெரிந்தால் ஏன் இவ்வளவு சொல்கிறோம் என்பது புரியும். பந்து கீழே வரும்போது, மிக மெதுவான ஆட்டத்திலேயே, கயிற்றை அதன் எடையைப் போல ஆறு மடங்கு இழுக்கும். 30 கிராம் பந்து 180 கிராமாக இழுக்கிறது. வேக ஆட்டத்தில் இன்னும் மேலே போகும். ஒரே இழுப்பில் அறுகிற பாரமில்லை. ஆனால் பத்து நிமிடத்தில் ஆயிரம் இழுப்புப் பக்கம் வரும், எல்லாம் ஒரே முடிச்சில், ஒரே துளை ஓரத்தில். வாரம் ஒரு தடவை சோதிக்க ஒரு வழி: வளையத்தைக் கதவுக் கொண்டியில் மாட்டி, ஒரு துணிப்பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றையும் பந்தையும் போட்டு, பந்துக்குச் சற்று மேலே பையின் வாயைக் கட்டித் தொங்க விடுங்கள்; கயிற்றைக் கையால் பிடிக்க வேண்டாம். ஒரு நிமிடம் தாங்கினால் அந்த வாரம் ஆடலாம். முடிச்சு துளைக்குள் இறங்கியிருந்தால் கயிறு மாற்றும் நேரம் வந்துவிட்டது. வளையத்தில் கயிறு உராய்கிற இடத்தையும் பாருங்கள். பஞ்சு மாதிரி நார் எழும்பியிருந்தால் பாதி இழை போய்விட்டது என்று அர்த்தம்.

கயிறு மாற்றுவது பத்து நிமிட வேலை. 2 மி.மீ. பின்னல் நைலான் கயிறு 75 செ.மீ. வேண்டும், முறுக்குக் கயிறு வேண்டாம், பிரியும். முதலில் துளை ஓரத்துப் பிசிறை உப்புத்தாளால் உள்ளும் புறமும் தேய்த்து எடுங்கள். கயிற்றை வளையத்தில் சரிபாதியாக மடித்து ஒரு சுருக்கு போடுங்கள், அப்போதுதான் ஆடும்போது வளையத்தில் வழுக்காது. முனையைப் பந்தின் உட்பக்கத் துளையில் நுழைத்து வெளியே எடுத்து எட்டு (8) வடிவ முடிச்சு ஒன்று போட வேண்டும். சாதா முடிச்சு சின்னது, துளைக்குள் நழுவும். முடிச்சை நனைத்து இறுக்கினால் நன்றாக உட்காரும். ஒரு செ.மீ. வால் விட்டு வெட்டி, தீக்குச்சியால் முனையை உருக்கினால் குமிழாகும். உருக்கிய குமிழை நம்பி முடிச்சில்லாமல் விடக் கூடாது. குமிழ் மட்டும் என்றால் ரெண்டு நாளில் உடையும். இரண்டாவது பந்துக்கு முடிச்சு போடுமுன் தொங்க விட்டு உயரம் சரிபாருங்கள். முடிச்சு இறுகும்போது இரண்டு மூன்று மி.மீ. ஏறும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஃபெவிக்விக் விடுகிற பழக்கம் ஊர் முழுக்க இருக்கிறது. விடாதீர்கள். அது முடிச்சில் நிற்காமல் கயிற்றுக்குள் ஊறி மேலே ஏறும். ஊறின இடம் குச்சி மாதிரி விறைக்கும். விறைப்பு முடிகிற இடத்தில் கயிறு மடங்கி மடங்கி ஒடியும். முடிச்சு அப்படியே இருக்க, பந்து பறந்துவிடும். கயிறு அறுந்த பந்துகளை எடுத்துப் பார்த்தால் முடிச்சுக்கு அரை செ.மீ. மேலே ஒடிந்திருப்பது பெரும்பாலும் பசை போட்டவைதான். இதே போல, பந்தை மொட்டை மாடி வெயிலில் போட்டு வைப்பதும் கெடுதல். சித்திரை வெயிலில் மலிவு பிளாஸ்டிக் நொறுங்குகிற பதத்துக்கு வந்துவிடும். விரிசல் கண்ட பந்தை ஒட்டி ஆடவே கூடாது.

இந்தப் பயத்துக்குப் பழைய காரணம் உண்டு. 1960-களின் கடைசியிலும் 1970-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் இதே பொம்மை கெட்டி ஆக்ரிலிக்கில் வந்தபோது பந்துகள் மோதிச் சில்லுச் சில்லாகத் தெறித்தன. 1971-இல் அங்கே பரிசோதனை விதிகள் வந்தன. 1976-இல் விஸ்கான்சினில் 50,000 பெட்டிப் பந்துகள்மேல் அரசு தொடர்ந்த வழக்கு நீதிமன்றத்தில் முடிந்தது. பறிமுதல் வழக்கு என்பதால் பிரதிவாதி இடத்தில் ஆள் பேர் இல்லை, பெட்டிகளின் பேர்தான். எகிப்தில் 2017-இல் பிள்ளைகள் இதற்கு அதிபர் பேரைக் கேலியாகச் சேர்த்து வைத்ததால் போலீஸ் கடைகளில் புகுந்து அள்ளிக்கொண்டு போனது. இந்தோனேசியாவில் 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் லாத்தோ லாத்தோ என்ற பேரில் ஊரே ஆடியது, சில இடங்களில் பள்ளிக்குக் கொண்டுவரத் தடையும் வந்தது. ஆக, நம் தெருச் சண்டை ஒன்றும் புதுசில்லை. பம்பர சீசனில் ஆக்கர் குத்தித் திண்ணையைக் கொத்தி வைத்ததற்குத் திட்டு வாங்காத தலைமுறை எது?

விளக்கு எரிகிற பந்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளே பொத்தான் பேட்டரி இருக்கும். மூடி திருகாணியால் பூட்டியிருக்க வேண்டும். நகத்தால் திறக்க முடிந்தால் வாங்காதீர்கள். மோதி மோதி மூடி கழன்றால் பேட்டரி தரையில் உருளும், தவழ்கிற பிள்ளை வாயில் போடும். விழுங்கின பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கும். வாந்தி எடுக்க வைக்காமல், வாழைப்பழம் கொடுத்து இறக்கப் பார்க்காமல், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பந்தும் அப்படித்தான்: மூன்று வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கான பொம்மைச் சோதனையில் 44.5 மி.மீ. வளையத்துக்குள் முழுசாகப் போகிற பந்து தொண்டையை அடைக்கும் பந்து என்றுதான் கணக்கு. 38 மி.மீ. பந்து சுலபமாகப் போகும். கயிறு அறுந்து கட்டிலுக்கு அடியில் உருண்ட ஒற்றைப் பந்தைத் தேடி எடுக்காமல் விடாதீர்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017-இல் விரலில் வைத்துச் சுழற்றுகிற ஸ்பின்னர் வந்தபோது மொத்தமாக எடுத்தவர்களிடம் அது பெட்டியோடு தங்கியது. நடுவில் 22 மி.மீ. 608 பேரிங் இருந்ததால் ஸ்கேட்டிங் சக்கரத்துக்காவது கழற்றிக் கொடுக்க முடிந்தது. இந்தப் பந்தில் கழற்றி விற்க ஒன்றுமில்லை. ரீல்ஸில் ஏறுகிற சாமான் ஏறின வேகத்திலேயே இறங்கும். ஒரு பள்ளிக்கூடத்தில் பந்தை விட்டு வேறொன்றுக்கு மாறினால் சுற்றியுள்ள நாலு தெருவிலும் அந்த வாரமே விற்பனை நிற்கும். டஜன் கணக்கில் எடுத்து, தீர்ந்தால் மறுபடி எடுங்கள். கோடை விடுமுறைக்கு முன்னால் கையிருப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். கடை வாசலில் ஆடிக் காட்டி விற்பதாக இருந்தால் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நாள் முழுக்க அவர் காதும் அங்கேதான் இருக்கிறது.

மோகம் தீர்ந்து மூலையில் கிடக்கிற பந்தைக் குப்பையில் போடும்போது கயிற்றைப் பந்தை ஒட்டி வெட்டி விடுங்கள். முழுசாகப் போட்டால் யாராவது ஒரு பிள்ளை எடுத்து, இற்றுப்போன கயிற்றோடு ஆடும். விளக்குப் பந்தாக இருந்தால் பேட்டரியைக் கழற்றி, இரண்டு முகத்திலும் செலோடேப் ஒட்டி, மக்காத குப்பையோடு சேர்க்காமல் மின்சாதனக் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.